மூன்று அவுட்டுக்கு ஒரு ஆள்

1992 நவம்பரில் அமெரிக்க பேஸ்பாலில் இரண்டு புதிய அணிகளுக்கு ஆள் சேர்த்தார்கள்: ஃப்ளோரிடா மார்லின்ஸ், கொலராடோ ராக்கீஸ். பழைய அணிகள் தங்களுக்கு வேண்டிய சிலரை மட்டும் காப்பாற்றிக்கொள்ளலாம். மிச்சமிருப்பவர்களில் யாரை வேண்டுமானாலும் புதிய அணிகள் எடுத்துக்கொள்ளும். அப்படி 72 பேரைப் பொறுக்கினார்கள். மார்லின்ஸ் ஆரம்பச் சுற்றிலேயே எடுத்தவர்களில் ஒருவர், சின்சினாட்டி அணியின் கீழ்மட்டத்தில் வீசிக்கொண்டிருந்த டிரெவர் ஹாஃப்மன். நியூயார்க் யாங்கீஸ் காப்பாற்றாமல் விட்டவர்களில் ஒருவர் மரியானோ ரிவேரா. அவரை யாருமே எடுக்கவில்லை. மூன்று மாதம் முன்புதான் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது, வயது 23 ஆகப்போகிறது, வேகமும் சுமார். யார் எடுப்பார்கள்?

பிற்பாடு ஹாஃப்மன் 601 சேவ், ரிவேரா 652 சேவ். சேவ் என்பது, அணியின் முன்னிலையை ஆட்டம் முடியும்வரை காப்பாற்றிக்கொடுத்த பந்துவீச்சாளருக்கான கணக்கு. அந்தப் பட்டியலில் இன்றும் முதல் இரண்டு இடம் இவர்களுடையதுதான்.

ரிலீஃப் பிட்சர், அதாவது ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து பந்துவீசுபவர், ஆகவேண்டும் என்று யாரும் கிளம்புவதில்லை. வேறு ஏதோ ஒரு வேலையில் தேறாமல் போனவர்கள் வந்து சேருகிற இடம் அது. ஹாஃப்மன் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) எடுக்கப்பட்டவர். மட்டை ஓடவில்லை, கையில் வேகம் இருந்தது, பந்தைக் கொடுத்தார்கள். கென்லி ஜான்சன் கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவர்) இருந்தவர். டென்னிஸ் எக்கர்ஸ்லி 1978-ல் ஸ்டார்ட்டராக, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக, 20 ஆட்டம் வென்றவர். பத்து வருடம் கழித்து, தேய்ந்துபோன கட்டத்தில், ஓக்லண்ட் பயிற்சியாளர் டோனி லா ரூசா அவரைக் கடைசி ஒரு இன்னிங்ஸுக்கு மட்டும் இறக்க ஆரம்பித்தார். இன்று நாம் பார்க்கிற ‘குளோசர்’ என்கிற உத்தியோகம் பெரும்பாலும் அங்கேதான் உருவானது. ரிவேராவும் பனாமாவில் ஷார்ட்ஸ்டாப்தான். புவெர்ட்டோ கைமிட்டோ என்கிற மீன்பிடி ஊர், அப்பா மீன்பிடிப் படகில் கேப்டன். உள்ளூர் அணியின் பிட்சர் ஒருநாள் சரமாரியாக அடிவாங்க, இவர் நான் வீசட்டுமா என்று பந்துவீசும் மேட்டில் ஏறினார். அதைப் பார்த்துதான் யாங்கீஸின் ஆட்கள் வந்தார்கள். மணிக்கு 85 மைல் சுற்றுவட்டாரம். அதாவது 137 கிலோமீட்டர். அமெரிக்கக் கணக்கில் அது ஒரு வேகமே இல்லை. ஆனால் கையசைவு சுத்தமாக, சிரமமே இல்லாமல் இருந்தது. 1990 பிப்ரவரியில் இரண்டாயிரத்துச் சொச்சம் டாலருக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு அணிக்கு மூன்று அவுட். மட்டையாளர் மூன்று பேஸையும் சுற்றி, தொடங்கிய ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸ் போவார். அதற்குப்பின் வருபவர்கள் எல்லோரும் ரிலீவர்கள். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவைத்து இரண்டாவது ஸ்பெல்லுக்குக் கூப்பிடலாம். இங்கே வெளியே போனால் போனதுதான், அன்றைக்குத் திரும்ப வரமுடியாது. அதனால் யாரை எப்போது செலவழிப்பது என்பதே பயிற்சியாளரின் பாதி வேலை.

ஸ்டார்ட்டராகத் தேறாதவர் ரிலீவராக ஜொலிப்பதற்கு மந்திரம் எதுவும் இல்லை. ஒரே மட்டையாளரை ஒரே இரவில் மூன்றுமுறை சந்திக்கும் ஸ்டார்ட்டருக்குக் குறைந்தது மூன்று வகைப் பந்து வேண்டும். மூன்றாவது முறை வரும்போது மட்டையாளர் பாடம் படித்துவிட்டிருப்பார். ரிலீவர் ஒவ்வொருவரையும் ஒரே ஒருமுறைதான் பார்க்கிறார். இரண்டு வகை போதும். நூறு பந்துக்குச் சக்தியைப் பங்கிட வேண்டியதில்லை. பதினைந்து, இருபது பந்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். அதனாலேயே மணிக்கு ஒன்றிரண்டு மைல் கூடும். ரிவேராவின் விஷயத்தில் இரண்டு வகைகூடத் தேவைப்படவில்லை, ஒன்று போதுமாயிருந்தது. அதுதான் விதிவிலக்கு.

கீழ்மட்டத்தில் அவருடைய முதல் வருடமே விசித்திரம். 1990-ல் பயிற்சி லீகில் 52 இன்னிங்ஸ், 17 ஹிட் (மட்டையாளர் அடித்துப் பேஸை அடைவது), கணக்கில் வரும் ரன் (ஃபீல்டிங் தவறால் வராதது) ஒன்றே ஒன்று. சராசரிப் பட்டியலில் சேர 50 இன்னிங்ஸ் வேண்டும். சீசனின் கடைசி நாளில் அவருக்கு அது இன்னும் எட்டவில்லை. போகட்டும் என்று ஸ்டார்ட்டராக இறக்கினார்கள். ஏழு இன்னிங்ஸ் ஆட்டம். ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, ஏனென்றால் ரேடார் துப்பாக்கி காட்டிய எண் சின்னது.

1992 ஆகஸ்டில் முழங்கை. சிகிச்சை செய்தவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்கிற பிட்சருக்கு 1974-ல் முதன்முதலாக முழங்கை தசைநார் மாற்றிவைத்த அதே மருத்துவர். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டாமி ஜான் சிகிச்சையில் முழங்கையின் உட்பக்கம் எலும்பையும் எலும்பையும் கட்டிப்பிடித்திருக்கும் தசைநார் அறுந்துபோயிருக்கும். உடம்பின் வேறொரு இடத்திலிருந்து ஒரு நாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, கோத்துக் கட்டுவார்கள். திரும்ப வீச வருவதற்கு ஒரு வருடமாவது ஆகும், ஒன்றரை வருடமும் ஆகலாம். ரிவேராவுக்கு அந்தளவு போகவில்லை. திறந்து பார்த்ததில் மாற்ற வேண்டியிருக்கவில்லை, சரிசெய்து மூடினார்கள். அந்த ஒரு வித்தியாசம் இல்லாமல் போயிருந்தால் மீதிக் கதையே இல்லை.

1995 மே 23, பெரிய லீகில் முதல் ஆட்டம், கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு எதிராக. ஸ்டார்ட்டராகத்தான். மூன்றேகால் இன்னிங்ஸ் தாண்டியதும் ஐந்து ரன்னோடு வெளியே. இன்னும் சில ஆட்டம் பார்த்துவிட்டு ஜூனில் கீழ்மட்ட அணியான கொலம்பஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். தோளில் வலி வேறு. இரண்டு வாரம் பந்தைத் தொடவில்லை. திரும்பி வந்து வீசியபோது ரேடார் 95, 96 மைல் காட்டியது. 153 கிலோமீட்டருக்கு மேல். 25 வயதில் இப்படி வேகம் கூடுவது அபூர்வம். ரிவேரா அதைக் கடவுளின் வேலை என்பார். நான் தோளுக்குக் கிடைத்த ஓய்வு என்பேன், ஆனால் நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. யாங்கீஸின் பொது மேலாளர் ஜீன் மைக்கேல் அந்த எண்ணை நம்பாமல், கருவி கோளாறா என்று வெளி ஆளிடமும் விசாரித்து உறுதிசெய்துகொண்டார். டெட்ராய்ட்டோடு டேவிட் வெல்ஸுக்காக நடந்துகொண்டிருந்த பேரத்தில் ரிவேராவின் பெயரை அதன்பிறகு எடுத்துவிட்டார்கள். ஜூலை 4 அன்று சிகாகோ வைட் சாக்ஸுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ், ரன் இல்லை, 11 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை அவுட்டாக்குவது).

அப்படியும் ஸ்டார்ட்டராக நிலைக்கவில்லை. அந்த வருடச் சராசரி, ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.51 ரன். அக்டோபரில் சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப் தொடரில் ரிலீஃபில் இறங்கி ஐந்தேகால் இன்னிங்ஸுக்கு மேல் ரன்னே கொடுக்காமல் வீசியபோதுதான், இவரை எங்கே வைப்பது என்று அணிக்குப் புரிய ஆரம்பித்தது. முழுசாகப் புரிந்ததா என்றால் அதுவும் இல்லை. 1996 தொடக்கத்தில் ஒரு ஷார்ட்ஸ்டாப்புக்காக அவரை சியாட்டிலுக்கே கொடுத்துவிடலாமா என்று யோசித்திருக்கிறார்கள்.

1996-தான் என் பார்வையில் அவருடைய ஆகச்சிறந்த வருடம். சேவ் வெறும் ஐந்து. கடைசி இன்னிங்ஸ் ஜான் வெட்லாண்டுடையது. ரிவேரா ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்களுக்கு. 107⅔ இன்னிங்ஸ், 130 ஸ்ட்ரைக்அவுட், சராசரி 2.09. இன்றைய குளோசர் ஒரு சீசனுக்கு 60 இன்னிங்ஸ் போனாலே அதிகம். ஆட்டம் உண்மையில் தடுமாறும் இடம் பலநேரம் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ்தான்: பேஸில் இரண்டுபேர், எதிரணியின் நடுவரிசை வருகிறது, முன்னிலை ஒரு ரன். அங்கே பாலத்தைத் தாங்குபவருக்கு ‘ஹோல்ட்’ என்று ஒரு எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சம்பளப் பேச்சில் அதற்கு மதிப்புக் குறைவு.

இந்த சேவ் கணக்கை ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்கிற சிகாகோ பத்திரிகையாளர் யோசித்தார், 1969-ல் அதிகாரப்பூர்வமானது. வெற்றி பெற்ற அணிக்காகக் கடைசியாக வீசியவராக இருக்கவேண்டும், வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கக் கூடாது. அதோடு மூன்றில் ஒன்று நடந்திருக்கவேண்டும்: மூன்று ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையில் வந்து முழு இன்னிங்ஸ் வீசியிருக்கவேண்டும், அல்லது ஆட்டத்தைச் சமன்செய்யக்கூடிய ஆள் பேஸிலோ, மட்டையோடு நிற்பவராகவோ, அடுத்து வரக் காத்திருப்பவராகவோ இருக்கும்போது இறங்கியிருக்கவேண்டும், அல்லது மூன்று இன்னிங்ஸ் உருப்படியாக வீசியிருக்கவேண்டும். கோளாறு முதல் விதியில். ஒன்பதாவது இன்னிங்ஸை மூன்று ரன் முன்னிலையோடு தொடங்கும் அணி, யார் வீசினாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஜெயித்துவிடும். ஒரு ரன் முன்னிலை என்றால் அது ஐந்தில் நான்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. இரண்டும் சேவ் கணக்கில் ஒன்றுதான். எண்ணுக்காக ஆளை வைத்து, ஆளுக்காக ஆட்டத்தை நடத்துகிறார்கள்.

வெட்லாண்ட் 1997-ல் டெக்சாஸ் போனார், கடைசி இன்னிங்ஸ் ரிவேராவிடம் வந்தது. ஆரம்பமே சொதப்பல். முதல் ஆறு வாய்ப்பில் மூன்றைக் கோட்டைவிட்டார். பயிற்சியாளர் ஜோ டோரே, வெட்லாண்டாக இருக்க முயலாதே, நீ இருக்கிறவரை இந்த இடம் உன்னுடையது என்கிற பாணியில் பேசி அனுப்பினார். அதன்பின் ஜூனில், டெட்ராய்ட் மைதானத்தில், சக பிட்சர் ரமிரோ மெண்டோசாவோடு சும்மா பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது பந்து கடைசி நேரத்தில் விலகியது. மெண்டோசாவுக்குப் பிடிக்கவே முடியவில்லை. ரிவேரா வேண்டுமென்று செய்யவில்லை. பந்துவீச்சுப் பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மயரும் அவரும் பல நாள் அதை நேராக்கப் பார்த்தார்கள். நேராகவில்லை. விட்டுவிட்டார்கள். அந்தக் கோளாறுதான் கட்டர்.

கட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பேஸ்பால் பந்து கிரிக்கெட் பந்தைவிடச் சற்று இலேசு, 142 முதல் 149 கிராம். 108 தையல்கள், ஆனால் கிரிக்கெட் பந்துபோல ஒரே வட்டமாக அல்ல, குதிரை லாட வடிவில் வளைந்து வளைந்து ஓடும். சாதாரண வேகப்பந்துக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லாடத்தைக் குறுக்காக வெட்டிப் படியும். விடும்போது இரண்டு விரலும் சமமாகக் கீழிழுக்க, பந்து பின்னோக்கிச் சுழன்றபடி போகும். கட்டருக்குப் பிடி கிட்டத்தட்ட அதேதான், விரல்களை நடுவிலிருந்து கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளி, அழுத்தத்தை நடுவிரலுக்குக் கொடுக்கவேண்டும். கட்டைவிரல் பந்தின் அடியில் ஒடுங்கியிருக்கும். மணிக்கட்டைத் திருகக் கூடாது. திருகினால் அது ஸ்லைடர் என்கிற வேறு வகைப் பந்து ஆகிவிடும். வேகமும் குறையும், மட்டையாளருக்கும் சுழற்சி கண்ணில் படும். கட்டரில் சுழற்சியின் அச்சு மட்டும் லேசாகச் சாய்கிறது, அதனால் பந்து பக்கவாட்டில் சில அங்குலம் நகர்கிறது.

சில அங்குலம்தானே என்று தோன்றும். மேட்டிலிருந்து ஹோம் பிளேட் 60 அடி 6 அங்குலம். 93 மைல் வேகப்பந்து அதைக் கடக்க ஏறக்குறைய 0.4 விநாடி. மட்டையைச் சுழற்ற மட்டும் அதில் 0.15 விநாடி போய்விடும். ஆக மட்டையாளர் பாதி வழியிலேயே முடிவெடுத்தாகவேண்டும். அந்த நேரத்தில் ரிவேராவின் பந்து நேரான வேகப்பந்தாகவே தெரியும், ஏனென்றால் கையசைவும் ஒன்று, வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. மட்டையின் பருத்த பகுதிக்கு விதி அனுமதிக்கும் அதிகபட்ச விட்டமே 2.61 அங்குலம். பந்து சில அங்குலம் உள்ளே வந்தால் பருத்த பகுதிக்குப் பதில் கைப்பிடியில் படும். மட்டை முறியும், பந்து சொத்தென்று விழும். 1999 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) அட்லாண்டாவின் ரயன் கிளெஸ்கோ ஒரே முறை ஆடவந்து மூன்று மட்டைகளை முறித்துக்கொண்டார். 2013-ல் மின்னசோட்டா ட்வின்ஸ் அணி அவருக்கு விடைகொடுக்கையில் பரிசளித்தது முறிந்த மட்டைகளால் செய்த ஒரு நாற்காலியை. நல்ல நகைச்சுவை.

கிளெஸ்கோ இடதுகைக்காரர் என்பதைக் கவனிக்கவேண்டும். பொதுவாக வலதுகைப் பிட்சருக்கு எதிராக இடதுகை மட்டையாளருக்கே சாதகம், பந்து கண்ணுக்கு நன்றாகத் தெரியும். கட்டர் இதைத் தலைகீழாக்கியது. இடதுகைக்காரரின் விரல்களை நோக்கியே பந்து பாய்ந்தது. இரண்டு கையிலும் ஆடத் தெரிந்த சிலர் ரிவேராவைப் பார்த்ததும் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வலதுகையில் ஆடினார்கள்.

ரகசியம் எதையும் அவர் பூட்டிவைக்கவில்லை. 2008 ஆல்-ஸ்டார் ஆட்டத்தின்போது ராய் ஹாலடே பிடியைக் கேட்க, சொல்லிக்கொடுத்தார். எதிரணி ஸ்டார்ட்டருக்குச் சொல்லிக்கொடுத்ததற்காகச் சக யாங்கீஸ் வீரர்கள் ரிவேராவுக்கு விளையாட்டாக அபராதம் போட்டார்கள். பிடி தெரிந்தவர்கள் ஏராளம், ரிவேரா ஒருவர்தான். கடினம் பிடியில் இல்லை, ஒரே அசைவைப் பல்லாயிரம் முறை மாறாமல் செய்வதில் இருக்கிறது. கட்டரில் விரல் அரை சென்டிமீட்டர் நழுவினால், விலகாத பந்து பிளேட்டின் நடுவில் போகும். விலகாத கட்டர் என்பது மட்டையாளருக்குப் பிறந்தநாள் பரிசு.

இந்தத் துல்லியத்தை எண்ணில் பார்க்கவேண்டுமா? 1,283⅔ இன்னிங்ஸில் 998 ஹிட், 286 வாக் (நான்கு தவறான பந்தால் மட்டையாளருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்). கூட்டினால் 1,284. இன்னிங்ஸுக்குச் சரியாக ஒருவர் பேஸுக்குப் போயிருக்கிறார். 19 சீசனில் ஹோம் ரன் 71 மட்டும். சேவ் எண்ணைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வேலைநாள் எப்படி இருக்கும்? ரிலீவர்கள் மைதானத்தின் எல்லைக்கு அப்பால் புல்பென் என்கிற தடுப்புக்குள் உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சியாளர் இருக்கும் டக்அவுட்டிலிருந்து தொலைபேசி வரும். கூப்பிட்டவர் எழுந்து, முதலில் நின்றபடி இருக்கும் கேட்சருக்கு லேசாகச் சில பந்து; பிறகு கேட்சர் குந்துவார், இரண்டு ஓரத்துக்கும் மாறிமாறி வேகத்தோடு வீசுவார். 15 முதல் 25 பந்தில் கை சூடாகிவிடவேண்டும். மைதானத்துக்குள் வந்தபின் மேட்டிலிருந்து இன்னும் சில பந்து, அதற்குக் கடிகாரம் ஓடும். புள்ளிவிவரத்தில் ஏறாத தேய்மானம் ஒன்று இங்கே நடக்கிறது. தொலைபேசி வரும், கை சூடாகும், அதற்குள் நிலைமை மாறிவிடும், உட்கார் என்பார்கள். அரைமணி கழித்து மறுபடி எழு. அன்றைக்கு அவர் ஆடவே இல்லை என்று ஏடு சொல்லும், கை மட்டும் நாற்பது பந்து வீசியிருக்கும். ரிலீவரை அழிக்கும் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான் அழிக்கிறார்கள். குளோசருக்கு இதில் ஒரு சலுகை: எப்போது வருவோம் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரியும். ரிவேரா ஆட்டத்தின் முதல் பாதியை உடை மாற்றும் பகுதியிலேயே உடம்பைத் தயார்செய்வதில் கழித்துவிட்டு, பிறகே புல்பென்னுக்கு வருவார்.

சொதப்பல்களுக்கு வருவோம். மூன்று இரவுகள் போதும், மூன்றும் வெவ்வேறு விதம்.

1997 அக்டோபர், கிளீவ்லாண்ட். எட்டாவது இன்னிங்ஸ், 2-1 முன்னிலை. சாண்டி அலோமார் ஜூனியர், வெளிப்பக்கம் உயரமாக வந்த பந்தை வலது எல்லைக்கு மேல் அடித்துவிட்டார். பந்து மோசமில்லை, அடித்தவர் கெட்டிக்காரர். இதற்கு மருந்து கிடையாது.

2001 நவம்பர் 4, ஃபீனிக்ஸ், உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ரிவேரா எட்டாவது இன்னிங்ஸிலேயே வந்து மூன்று அவுட்டையும் ஸ்ட்ரைக்அவுட்டாகவே எடுத்துவிட்டார். ஒன்பதாவதில் 2-1 முன்னிலை. மார்க் கிரேஸ் ஹிட். அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டிவிட, ரிவேரா எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தது தவறிப்போய் நடுமைதானத்துக்கு ஓடியது. ஆட்டம் திரும்பிய இடம் அதுதான், பிட்சிங் அல்ல, ஃபீல்டிங். டோனி வோமாக்கின் டபுள் (அடித்தவரை இரண்டாவது பேஸ்வரை கொண்டுபோகும் ஹிட்) ஆட்டத்தைச் சமன்செய்தது. அடுத்தவர் மேல் பந்து பட்டு, எல்லாப் பேஸும் நிறைந்தன, ஒரு அவுட். ஒரு ரன் வந்தாலே தொடர் போயிற்று. ஆகவே உள்வட்ட வீரர்கள் எல்லோரையும் முன்னே இழுத்தார்கள், பந்து உருண்டு வந்தால் ஹோமுக்கு எறிந்து தடுக்கலாம் என்று. இடதுகை லூயிஸ் கொன்சாலெஸ். ரிவேரா கட்டரை உள்ளே வீசினார், மட்டை முறிந்தது, பந்து ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேலே சொத்தென்று விழுந்தது. உள்வட்டம் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் சுலபமான கேட்ச். ஒளிபரப்பில் டிம் மெக்கார்வர் இந்த ஆபத்தைச் சற்று முன்புதான் சொல்லியிருந்தார்: கட்டர் மட்டையை முறிக்கும், முறிந்த மட்டைப் பந்து உள்வட்டத்துக்குச் சற்றுப் பின்னால் விழும். ரிவேராவின் ஆகச்சிறந்த ஆயுதம் அன்று செய்யவேண்டியதைச் சரியாகச் செய்தது. தோற்றார்கள்.

2004 அக்டோபர் 17, பாஸ்டன். 4-3 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், முதல் ஆளுக்கே வாக். ஒரு ரன் முன்னிலையில் முதல் ஆளுக்கு வாக் கொடுப்பது ரிலீவர் செய்யக்கூடிய தவறுகளில் மோசமானது. அடித்து வந்தாலாவது எதிராளியின் திறமை. வாக் பெற்றவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸை பாஸ்டன் இறக்கியது. அவர் அடுத்த பேஸைத் திருடப்போகிறார், அதாவது பந்து வீசும்போதே ஓடப்போகிறார் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். ரிவேரா மூன்றுமுறை முதல் பேஸுக்கு எறிந்து மிரட்டினார். மட்டையாளருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடினார், நூலிழையில் தப்பினார். பில் முல்லரின் ஹிட், ஆட்டம் சமன். யாங்கீஸ் அந்த ஆட்டத்தை மட்டுமல்ல, 3-0 என்று முன்னிலையில் இருந்த தொடரையே இழந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிளேஆஃபில் அவர் கணக்கு 96 ஆட்டம், 141 இன்னிங்ஸ், சராசரி 0.70, சேவ் 42. கணக்கில் வரும் ரன் மொத்தம் 11. நிலவில் நடந்தவர்கள் 12 பேர் என்று அமெரிக்கர்கள் இதை வைத்து ஒரு வேடிக்கை சொல்வதுண்டு. 96 ஆட்டத்துக்கு 141 இன்னிங்ஸ் என்றால் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை. அதாவது அக்டோபர் வந்ததும் டோரே ‘ஒன்பதாவது இன்னிங்ஸ் ஆள்’ என்கிற ஏட்டுச் சம்பிரதாயத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, நெருக்கடி எட்டாவதில் வந்தால் எட்டாவதிலேயே இறக்கினார். சரியான பயன்பாடு அதுதான். பல பயிற்சியாளர்கள் இன்றும் தோற்கும்போது தங்கள் சிறந்த ரிலீவரைப் புல்பென்னிலேயே உட்காரவைத்துத் தோற்கிறார்கள், சேவ் வாய்ப்பு வரட்டும் என்று.

சாதாரண ரிலீவரின் வாழ்க்கை இதற்கு நேர்மாறு. 26 பேர் கொண்ட அணியில் பிட்சர்களுக்கு 13 இடம். ஸ்டார்ட்டர் ஐந்து போக எட்டு. இன்றைக்கு 40 பந்து வீசிய ரிலீவர் நாளையும் மறுநாளும் உதவமாட்டார். ‘ஆப்ஷன்’ (கீழ்மட்டத்துக்கு அனுப்ப அணிக்கு இருக்கும் உரிமை) மிச்சமிருப்பவராக இருந்தால் அவரைக் கீழே அனுப்பிவிட்டு, ஓய்வெடுத்த வேறொருவரை மேலே இழுப்பார்கள். நன்றாக வீசியதற்கான பரிசாகவே சிலசமயம் பஸ் டிக்கெட் கிடைக்கும். ஒரு சீசனில் ஒருவரை ஐந்துமுறைக்கு மேல் இப்படி அனுப்பக் கூடாது என்று 2022-ல்தான் விதி வந்தது; அனுப்பப்பட்ட பிட்சர், யாராவது காயம்பட்டால் ஒழிய, 15 நாள் கீழேயே இருக்கவேண்டும். பெரிய லீகில் 172 நாள் இருந்தால் ஒரு சேவை வருடம். ஆறு வருடம் சேர்த்தால்தான் விரும்பிய அணிக்குப் போகும் சுதந்திரம். மேலே இருக்கும் நாட்களுக்கு 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் வருடக் கணக்கில் 7,60,000 டாலர், கீழே அதில் சொற்பம். ஆறு வருடம் சேர்வதற்குள் பெரும்பாலோர் கை போய்விடும்.

இன்னொரு சங்கடம், மாதிரி அளவு. 60 இன்னிங்ஸில் 18 ரன் கொடுத்தவரின் சராசரி 2.70, நட்சத்திரம். அதே ஆள் மூன்றே மூன்று இரவு மட்டும் தலா மூன்று ரன் கூடுதலாகக் கொடுத்தால் 4.05, அடுத்த வருடம் வேலை தேடுவார். கையும் அதே கை, பந்தும் அதே பந்து. ரிலீவர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்த அணிகள் கையைச் சுட்டுக்கொள்வது இதனால்தான். ரிவேரா அந்த விதிக்குள் அடங்கவில்லை. 2003 முதல் 2011 வரை ஒன்பது சீசனில் எட்டில் சராசரி 2-க்குக் கீழே. வருமானமும் அதற்கேற்ப, மொத்தத்தில் 16 கோடி டாலருக்கு மேல்.

2012 மே 3, கன்சாஸ் சிட்டி. ஆட்டத்துக்கு முன் சகவீரர்கள் மட்டைப் பயிற்சி எடுக்கும்போது எல்லைப்பக்கம் ஓடிப் பந்து பிடிப்பது ரிவேராவின் பழைய பழக்கம். அவருக்கு அதுதான் உடற்பயிற்சி. சுவரோரத்தில் கால் மடங்கி வலது முழங்காலின் தசைநார் அறுந்தது. வயது 42. பந்துவீசித் தேய்ந்த உடம்பு அல்ல, பந்து பிடிக்கப்போய் விழுந்த உடம்பு. அப்படியே முடித்துக்கொள்ள மனமில்லாமல் 2013-ல் திரும்பி வந்து 64 இன்னிங்ஸ், 44 சேவ், 2.11. வேகம் 90 மைலுக்குச் சற்று மேலே இறங்கியிருந்தது. ஆகஸ்டில் தொடர்ச்சியாக மூன்று சேவ்களைத் தவறவிட்டார். அதுவரை அவருக்கு நடந்திராத விஷயம். அந்த வருடத்தோடு முடித்துக்கொள்வதாக மார்ச்சிலேயே சொல்லியிருந்தார். 

செப்டம்பர் 26, 2013, யாங்கீ மைதானத்தில் கடைசி ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் இறங்கினார். நான்கு மட்டையாளர்கள், நான்கு அவுட். ஒன்பதாவதில் இரண்டு அவுட் ஆனதும் அவரை வெளியே அழைத்துப்போக மேட்டுக்கு வந்தவர்கள் பயிற்சியாளர் அல்ல, ஆண்டி பெட்டிட்டும் டெரெக் ஜீட்டரும். ஜாக்கி ராபின்சன் நினைவாக எல்லா அணிகளும் ஓய்வுகொடுத்துவிட்ட 42-ஆம் எண் சட்டையை அன்றாடம் அணிந்த கடைசி வீரரான ரிவேரா, பெட்டிட்டின் தோளில் சாய்ந்து அழுதார். டாம்பா பே 4-0 என்று முன்னிலையில் இருந்தது, யாங்கீஸ் தோற்றார்கள். சேவ் கட்டத்தில் அன்று எழுத ஒன்றும் இல்லை.